ஷியெனிலிருந்து டாலனுக்குப் படகு: எந்த இடத்தில் ஏறினால் காசுக்குத் தகுந்த பயணம்?

நார்வேயின் டெலிமார்க் கால்வாயில் கோடையில் ஓடும் பயணிகள் படகுக்கு ஷியெனிலிருந்து டாலன் வரை முழுத் தூரத்துக்கும் டிக்கெட் எடுப்பவர்கள் நிறையப் பேர். 105 கிலோமீட்டர். காலையில் ஏறினால் டாலனில் இறங்கும்போது மாலை ஆகிவிடும். பத்து மணி நேரத்துக்கும் மேல் படகிலேயே இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகம்தான் வரும். பாதிப் பேருக்கு மதியத்துக்கு மேல் அலுத்துவிடுகிறது. அது படகின் குறையும் இல்லை, கால்வாயின் குறையும் இல்லை. ஒரே டிக்கெட்டில் இரண்டு வேறு வேறு பயணங்கள் இருக்கின்றன என்பது தெரியாமல் ஏறுவதால் வரும் அலுப்பு அது.

முதல் பயணம் நீர்ப்பூட்டுகள் வழியாக ஏறுவது; இரு முனையிலும் கதவு வைத்த அறைகளில் நீரை நிரப்பிப் படகை மேலே தூக்கும் அமைப்பு அது. இரண்டாவது, ஏரிகளின் மேல் போவது. முதலாவதில் பார்க்க வேண்டியது பொறியியல், இரண்டாவதில் பார்க்க வேண்டியது மலையும் நீரும். உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டால், எங்கே ஏறி எங்கே இறங்குவது என்பது தானாகத் தெரிந்துவிடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முழு நாள் கையில் இருந்தால் வழியில் உள்ள ஊலெஃபோஸில் ஏறி டாலனில் இறங்குங்கள். அரை நாள்தான் என்றால் அதற்கும் மேலே உள்ள லுண்டேயில் ஏறுங்கள். ஷியெனில் ஏறுவது, 'முழுக் கால்வாயையும் பார்த்தேன்' என்ற திருப்தி வேண்டும் என்பவர்களுக்கு.

கால்வாய் எப்படி ஏறுகிறது

ஷியென் கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் உள்ள நகரம். டாலன் பண்டாக் ஏரியின் மேற்கு நுனியில், மலைகளுக்கு நடுவே கிடக்கும் சிறிய கிராமம். ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 72 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த 72 மீட்டரையும் படகு எட்டுப் பூட்டுகளில், மொத்தம் 18 அறைகள் வழியாக ஏறுகிறது.

ஏற்றம் சமமாகப் பிரிந்திருக்கவில்லை. டிக்கெட் எடுக்கும்போது மனதில் வைக்க வேண்டிய விஷயம் இதுதான். ஷியெனில் ஒரே அறை, 5 மீட்டர். அதற்கு மேலே லோவெய்டில் மூன்று அறைகள், 10.3 மீட்டர், பாறையைக் குடைந்து வெட்டிய பூட்டு அது. இந்த இரண்டையும் தாண்டினால் நோர்ஷோ ஏரி, கடல் மட்டத்திலிருந்து 15 மீட்டர். 1861-இல் திறக்கப்பட்ட பழைய கால்வாய் இவ்வளவுதான். அதன் பிறகு நோர்ஷோவின் மேல் நீண்ட நேரம் பூட்டே கிடையாது. ஏரி அழகுதான், ஆனால் அகன்றது. கரைகள் தூரத்தில் தெரியும், தாழ்ந்த குன்றுகள், பண்ணை நிலங்கள். ஷியெனில் ஏறுபவர்களுக்கு முதல் தொய்வு இங்கேதான்.

மீதி 57 மீட்டரும் ஊலெஃபோஸுக்கு மேலேதான் இருக்கிறது. ஊலெஃபோஸில் மூன்று அறைகள், 10.8 மீட்டர். எய்ட்ஸ்ஃபோஸில் இரண்டு, 10 மீட்டர். வ்ராங்ஃபோஸில் ஐந்து, 23 மீட்டர். லுண்டேயில் ஒன்று, 3 மீட்டர். ஷெல்டாலில் ஒன்று, 3 மீட்டர். கடைசியாக ஹொக்காவில் இரண்டு, 7 மீட்டர். இந்தப் பகுதி 1892-இல் திறக்கப்பட்டது; சுமார் 500 பேர் ஐந்து ஆண்டுகள் வேலை செய்து கட்டினார்கள். ஹொக்காவைத் தாண்டிவிட்டால் டாலன் வரை இன்னொரு பூட்டு கிடையாது. ஃப்ளோவத்ன், க்விட்டேசெய்ட்வத்ன், பண்டாக் ஆகிய மூன்று ஏரிகளும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. ஆக, 'பூட்டுகளைப் பார்க்கத்தான் வந்தேன்' என்பவர் ஹொக்காவுக்குப் பிறகும் பூட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வ்ராங்ஃபோஸ்

கால்வாயின் மிகப் பெரிய பூட்டு இது. ஐந்து அறைகள் படிக்கட்டுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஓர் அறையின் மேல்கதவுதான் அடுத்த அறையின் கீழ்க்கதவு. அறைக்கு 4.6 மீட்டர் வீதம் ஏற வேண்டும். முழுக்க ஏறி முடிக்க அரை மணிக்கு மேல் பிடிக்கும். சிறிய படகுகளும் கூடவே ஏறினால் இன்னும் தாமதமாகும்.

வேலை நடக்கும் முறை இது. படகு கீழ் அறைக்குள் நுழைந்ததும் பின்னால் உள்ள இரட்டைக் கதவை மூடுகிறார்கள். இரண்டு கதவுகளும் நேர்க்கோட்டில் சேர்வதில்லை. நீர் வரும் திசையைப் பார்த்துக் கூர்மையாக முட்டி நிற்கின்றன. மேலிருந்து அழுத்தும் நீரே கதவை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, தாழ்ப்பாள் தேவையில்லை. பிறகு மேல்கதவின் அடியில் உள்ள மதகுகளைத் திறக்கிறார்கள். மேல் அறையின் நீர் கீழ் அறைக்குள் பாய்கிறது. இரு பக்கமும் மட்டம் ஒன்றான பிறகுதான் கதவு அசையும். மட்டத்தில் சிறு வித்தியாசம் இருந்தால்கூட எத்தனை பேர் தள்ளினாலும் நகராது. அதனால்தான் மதகைத் திறந்த பிறகு பூட்டுக்காரர் சும்மா நிற்பதுபோல் தெரியும். அவர் மட்டம் சேரக் காத்திருக்கிறார்.

இந்தப் பகுதியில் கதவுகளை இன்றும் பெரும்பாலும் கையால்தான் இயக்குகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலான கல் சுவரும் பழைய முறையும் அப்படியே இருக்கின்றன. படகு நீளத்துக்கும் அகலத்துக்கும் கறாரான வரம்பு இருப்பதும் இதனால்தான்: நீளம் 31 மீட்டர் சொச்சம், அகலம் ஆறரை மீட்டர் சொச்சம். பயணிகள் படகுகளைக் கிட்டத்தட்ட இந்த அளவுக்கே கட்டியிருக்கிறார்கள். அறைக்குள் நுழையும்போது கல் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் வரும். கையை வெளியே நீட்டாதீர்கள், குழந்தைகளைக் கைப்பிடிக் கம்பிக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். நீர் பாயத் தொடங்கும்போது படகு இழுபடும். கையில் காபி வைத்துக்கொண்டு நிற்கும் நேரம் அதுவல்ல.

ஓர் அறையை ஒருமுறை நிரப்பச் சுமார் ஆயிரம் கன மீட்டர் நீர் வேண்டும். அவ்வளவும் வெறும் ஈர்ப்பு விசையால், பம்பு எதுவும் இல்லாமல், மேலிருந்து கீழே வருகிறது. முன்தளத்தில் நின்று பாருங்கள். சுவரில் ஈரமான கருப்புக் கோட்டுக்கும் உலர்ந்த கல்லுக்கும் நடுவே ஓர் எல்லை தெரியும். படகு ஏற ஏற அந்தக் கருப்புக் கோடு ஒவ்வொரு கல் வரிசையாக நீருக்குள் மறையும். பாசி படிந்த சுவருக்கு நடுவே, வானம் மட்டும் தெரியும் குழியில் தொடங்கி, கடைசியில் மரங்களின் நுனி, புல்வெளி, வேடிக்கை பார்க்கும் ஆட்களின் கால்கள், பிறகு முகங்கள் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

மேல்நோக்கிப் போகச் சொல்வதற்கு இதுதான் காரணம். டாலனிலிருந்து கீழ்நோக்கி வந்தாலும் அதே பூட்டுகள்தான். ஆனால் இறங்கும்போது அறை சத்தமில்லாமல் காலியாகும். காட்சி முதலில் இருந்து பிறகு சுவராக மாறும். ஏறும்போதுதான் நீரின் பலம் தெரியும். மலைகளும் மேல்நோக்கிப் போகும்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக உயர்ந்துகொண்டே வரும்.

படகில் ஏறாமலேயே வ்ராங்ஃபோஸைப் பார்க்கலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. லுண்டேயிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். கால்வாயை ஒட்டியே சைக்கிள் பாதை இருக்கிறது. படகு வரும் நேரத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு, அதற்கு இருபது நிமிடம் முன்பே பூட்டின் மேல் அறைப் பக்கம் போய் நின்றால் முழு ஏற்றத்தையும் மேலிருந்து இலவசமாகப் பார்க்கலாம். கதவு, மதகு, மட்டம் மூன்றும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்று புரிந்துகொள்ள, படகின் உள்ளே இருப்பதைவிட இந்த இடமே நல்லது. லுண்டேயில் ஏறும் அரை நாள் பயணிகளுக்கு இதை அழுத்திச் சொல்வேன். காலையில் சைக்கிளில் வ்ராங்ஃபோஸ், பிறகு லுண்டேயில் படகு. பூட்டு அனுபவமும் முழுக்கப் போய்விடாது. ஷெல்டாலும் ஹொக்காவும் உங்களுக்கு மிச்சம் இருக்கும்.

ஏறும் ஊர்கள்

லுண்டேக்கு ரயில் உண்டு. ஒஸ்லோவிலிருந்து கிறிஸ்தியன்சான்ட் போகும் தெற்கு ரயில் பாதையில் அது ஒரு நிலையம். அங்கிருந்து படகுத்துறை நடந்து போகும் தூரம்தான். ஷியெனுக்கும் ஒஸ்லோவிலிருந்து வெஸ்ட்ஃபோல்ட் வழியாக ரயில் இருக்கிறது. ஊலெஃபோஸுக்கு ரயில் இல்லை; பஸ்ஸில் போக வேண்டும், இல்லையேல் முந்தைய நாளே போய்த் தங்க வேண்டும். அந்தச் சிரமத்துக்கு ஊர் தகுதியானதுதான். 1657-இல் தொடங்கிய இரும்பு வார்ப்பாலை இங்கே இருக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஃபேன் பகுதி, சுமார் 58 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலையின் வேர். கார்பனடைட் என்ற அபூர்வப் பாறையை 1921-இல் புவியியலாளர் ப்ரொக்கர் விவரித்தது இந்த இடத்தை வைத்துத்தான். பிறகு 1953 முதல் 1965 வரை இங்கே நியோபியம் என்ற உலோகத்தை வெட்டியெடுத்தார்கள்.

ஏரிகள்

ஹொக்காவைத் தாண்டியதும் படகின் சுபாவமே மாறிவிடும். நிறுத்தி நிறுத்திப் போனது இனி ஒரே சீராக ஓடும். ஃப்ளோவத்ன் குறுகலானது, இருபுறமும் காடு. க்விட்டேசெய்ட்வத்ன் கொஞ்சம் திறந்தது. கரையில் 12-ஆம் நூற்றாண்டுக் கல் தேவாலயம் ஒன்று நிற்கிறது, படகிலிருந்தே தெரியும். இந்த இரண்டு ஏரிகளும் மதிய உணவுக்கும் சற்று ஓய்வுக்கும் உரிய நேரம். உள்ளே போய் உட்கார வேண்டும் என்றால் இங்கே உட்காருங்கள். பண்டாக் வந்த பிறகு உள்ளே இருக்காதீர்கள்.

பண்டாக் சுமார் 27 கிலோமீட்டர் நீளம், பரப்பு 26 சதுர கிலோமீட்டர்; அதாவது சராசரி அகலம் ஒரு கிலோமீட்டர்தான். ஆழம் 325 மீட்டர். நீர்மட்டம் கடலுக்கு மேலே 72 மீட்டர் என்பதால், ஏரியின் அடி கடல் மட்டத்துக்கும் 253 மீட்டர் கீழே இருக்கிறது. ஆறு இப்படித் தோண்டாது. ஆற்றால் தன் வாயைவிடத் தாழ்வாகப் பள்ளம் வெட்ட முடியாது. பனியாறு வெட்டியது இது. பனி தடித்து நின்ற இடத்தில் ஆழமாகச் சுரண்டி, மெலிந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனதால் நீண்ட தொட்டி போன்ற பள்ளம் உண்டானது. மேற்கு நார்வேயின் ஃபியோர்டுகளை உண்டாக்கியதும் இதே வேலைதான். அங்கே கடல் உள்ளே வந்தது, இங்கே நன்னீர் நின்றுவிட்டது.

மேல்தளத்திலிருந்து பார்த்தால் இந்த ஆழத்தின் அடையாளம் கரையிலேயே தெரியும். பாறைச் சுவர் நேராக நீருக்குள் இறங்குகிறது. மணல் திட்டோ நாணல் புதரோ இல்லை. வீடுகள் இருப்பது ஓடை வந்து மண் சேர்த்த சிறு திட்டுகளில் மட்டும். வடகரையில் லோர்டால் அப்படி ஓர் இடம். அதற்கு எதிரே தென்கரையில் பண்டாக்ஸ்லி. படகு நிற்கும் துறைகளும் இப்படிப்பட்ட இடங்களில்தான். எல்லாப் படகும் எல்லாத் துறையிலும் நிற்காது. நடுவே இறங்க நினைத்தால் முன்பதிவின்போதே துறையின் பெயரைச் சொல்லி உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஏரி கிழக்கு மேற்காக நீண்டு, மலைகளுக்கு நடுவே அடைபட்டிருப்பதால் காற்று நீளவாக்கில்தான் வீசும். மேற்கிலிருந்து வீசினால் முன்தளத்தில் நேரே முகத்தில் அடிக்கும். ஜூலையிலும் காற்றுத் தடுக்கும் மேலுறை ஒன்று கையில் இருக்கட்டும். சட்டையோடு மட்டும் வந்தவர்கள் இந்தக் கடைசி இரண்டு மூன்று மணி நேரத்தை உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் கழிப்பதைப் பார்க்கலாம். பயணத்தின் மிகச் சிறந்த பகுதியை இழப்பது அவர்கள்தான். மேற்கு நோக்கிப் போகும் படகில் மாலை வெயில் எதிரே இருக்கும் என்பதால் படம் எடுப்பவர்கள் வடகரைப் பக்கம், அதாவது படகின் வலது பக்கம் நின்றால் சுவர்களில் வெளிச்சம் விழுவது கிடைக்கும்.

படகுகள் எப்படி

எம்.எஸ். விக்டோரியா 1882-இல் கட்டப்பட்டது. மேல் கால்வாயைவிடப் பத்து வயது மூத்தது. எம்.எஸ். ஹென்ரிக் இப்சன் 1907-இல் சுவீடனில் கட்டப்பட்டது. எம்.எஸ். டெலிமார்க்கன் 1951-ஐச் சேர்ந்தது. எது எந்தப் பகுதியில் ஓடும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் பழைய பயணக் கட்டுரைகளில் உள்ள நேரங்களை நம்பாதீர்கள், நடப்பு ஆண்டின் அட்டவணையை மட்டும் பாருங்கள். படகு ஓடுவது கோடைக்காலத்தில் மட்டும். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அடிக்கடி ஓடும். அதற்கு முன்னும் பின்னும் வாரத்தில் சில நாட்கள்தான். 'செப்டம்பரில் கூட்டம் இருக்காது' என்று போவது நல்ல யோசனைதான், ஆனால் முதலில் படகு நாளைப் பார்த்துவிட்டு அதற்கேற்றபடி தங்கும் இடத்தைப் பதிவு செய்யுங்கள். மாற்றிச் செய்தால் டாலனில் ஒரு நாள் வீணாகும்.

மூன்றுமே பழைய படகுகள். உள்ளே மரம், பித்தளை, குறுகிய படிகள். இது அழகு, அதே நேரம் முட்டி வலி உள்ளவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் சிரமம். அப்படி யாராவது உங்களுடன் வந்தால், எந்தப் படகு, எந்தத் தளம் வரை போக முடியும் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். சைக்கிளை ஏற்றிக்கொள்கிறார்கள், ஆனால் இடம் குறைவு. அதற்கும் முன்பதிவு வேண்டும். இருக்கைகள் போதும். ஆனால் திறந்த முன்தளத்தில் நல்ல இடம் கொஞ்சம்தான்; அது முதலில் வருபவர்களுக்கு. நீர்ப்பூட்டுப் பகுதியில் முன்தளத்திலும், பண்டாக்கில் மேல்தளத்திலும் இருப்பது என் தேர்வு. பூட்டுகளில் கூட்டம் முன்னால் நெருக்கும்போது பின்தளம் காலியாக இருக்கும். கதவு மூடுவதைப் பார்க்க அதுதான் சரியான இடம் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை.

அடர்ந்த மழையில் இந்தப் பயணம் பாதிதான். கண்ணாடி மூடிய அறைக்குள் பூட்டுகள் தெரியாது, மலை மேகத்துக்குள் போய்விடும். நாளை மாற்றிக்கொள்ள முடியும் என்றால் மாற்றிவிடுங்கள். வெள்ளக் காலத்தில் வேறு சிக்கல் வரும். இது ஆற்றை அணைகளால் தடுத்து உண்டாக்கிய கால்வாய்; வெட்டிய பகுதி மிகக் கொஞ்சம். ஆற்றில் நீர் பெருகினால் பூட்டுகளுக்குப் பக்கத்திலேயே அணைத் திறப்பு வழியாக அது பாயும். அந்த இழுப்பில் படகைப் பூட்டுக்குள் நேராக நுழைப்பது ஆபத்து. அதனால் நிறுத்திவிடுவார்கள். அது சரியான முடிவு. அந்த நாட்களில் மாற்றுப் பஸ் உண்டா, பணம் திரும்ப வருமா என்பதை டிக்கெட் விதிகளில் முன்பே படித்துவையுங்கள்.

டாலன்

தேடும்போது 'டெலிமார்க் டாலன்' என்று தேடுங்கள். நார்வேயில் டாலன் என்ற பெயரில் இடங்கள் பல. 2020 முதல் 2023 வரை இந்த மாவட்டம் வெஸ்ட்ஃபோல்டுடன் சேர்ந்து ஒன்றாக இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் டெலிமார்க் மீண்டும் தனி மாவட்டம். பழைய வரைபடங்களிலும் பஸ் அட்டவணைகளிலும் சேர்ந்த பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.

ஆயிரம் பேருக்கும் குறைவான ஊர். தோக்கே நகராட்சியின் தலைமையிடம்; லோர்டால், மூ ஆகிய இரண்டு பழைய நகராட்சிகள் 1964-இல் இணைந்து உருவானது அது. ஊர் நிற்கும் தரை தட்டையானது. மூன்று பக்கமும் செங்குத்துச் சரிவு இருக்க, நடுவே மட்டும் இவ்வளவு சமதரை எப்படி வந்தது என்றால், தோக்கே ஆறு கொண்டுவந்து ஏரி வாயில் கொட்டிய மண்தான் இது. படகுத்துறையில் இறங்கி ஊருக்குள் நடக்கும்போது ஏற்றமே தெரியாது; ஊரின் கடைசி வீட்டைத் தாண்டினால் சாலை கொண்டை ஊசி வளைவாக மேலே ஏறும்.

அந்த ஆற்றில் இன்று நீர் குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. தோத்தாக் ஏரி, வின்யேவத்ன் ஏரி வழியாக இறங்கிவந்த நீரை மலைக்குள் சுரங்கம் வழியே திருப்பி, தோக்கே மின்நிலையத்தில் விழ வைக்கிறார்கள். 1961-இல் இயங்கத் தொடங்கியது. திறன் 430 மெகாவாட். வின்யேவத்னுக்கும் பண்டாக்குக்கும் இடையே ஏறக்குறைய 394 மீட்டர் வீழ்ச்சி. மலையிலிருந்து வரும் குளிர்ந்த நீர் நேராக ஏரியின் இந்த முனையில் சேர்கிறது. டாலன் கரையில் குளிக்க நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கோடையிலும் நீர் சில்லென்றுதான் இருக்கும், கரையிலிருந்து சில அடியில் ஆழம் சட்டென்று கூடும்.

ஆற்றின் மேல்பகுதியில் ராவ்னயூவ் பள்ளத்தாக்கு இருக்கிறது, 350 மீட்டர் ஆழம். கீழிருந்து வரும் காற்று பாறைச் சுவரில் மோதி மேலே எழும்புவதால், இலேசான ஒரு பொருளை விளிம்பிலிருந்து போட்டால் அது திரும்ப மேலேயே வந்துவிடும். காகிதத்துக்குப் பதில் இலையைப் போடுங்கள். காற்று இல்லாத நாளில் குப்பை கீழேயே தங்கிவிடும். குழந்தைகளுடன் போனால் விளிம்புக்குச் சில அடி முன்பே நின்றுவிடுங்கள்.

எய்ட்ஸ்போர்க் மரத் தேவாலயத்துக்கு நேரம் ஒதுக்காமல் டாலனை விட்டுக் கிளம்பாதீர்கள். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கூரை மட்டுமல்ல, சுவரும் மரச் செதில்களால் போர்த்தியது. பக்கத்திலேயே எய்ட்ஸ்போர்க்தியோன் என்ற சிறிய ஏரி. புனித நிக்கோலாஸ் சிலையை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப்போய் அந்த ஏரி நீரில் கழுவும் வழக்கம் முன்பு இருந்தது. எய்ட்ஸ்போர்க் பாறை, கத்தி தீட்டும் சாணைக்கல்லுக்குப் பெயர் போனது. வைக்கிங் காலத்திலிருந்தே இங்கே வெட்டிய கல் இதே ஏரிகள் வழியாக ஷியென் போய், அங்கிருந்து கடல் கடந்தது. கால்வாய் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்த நீர்வழி வணிகப் பாதையாக இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. டாலனிலிருந்து தூரம் சில கிலோமீட்டர்தான், ஆனால் முழுக்க ஏற்றம். சாதாரண சைக்கிளில் போகிறவர்கள் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மின்சைக்கிள் அல்லது டாக்ஸி நல்லது.

டாலன் ஹோட்டல் 1894-இல் கட்டப்பட்டது. கால்வாய் திறந்து இரண்டே ஆண்டில், படகில் வரும் பணக்காரப் பயணிகளுக்காக எழுப்பிய மர மாளிகை; கூரை நுனிகளில் டிராகன் தலைகள். நெடுங்காலம் மூடிக் கிடந்து 1992-இல் மறுபடி திறந்தது. கோடையை ஒட்டிய மாதங்களில் மட்டும் இயங்கும். படகு டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் ஒரே நாளில் கிடைப்பது கடினம். அறையைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். கூடாரம் போடுபவர்களுக்கு: வீடுகளிலிருந்து 150 மீட்டராவது தள்ளி, ஒரே இடத்தில் இரண்டு இரவு வரை தங்க 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஊரின் சமதரை முழுக்க வீடும் வயலும் என்பதால் டாலனுக்குள் அப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது. முகாம் திடலுக்குப் போவதே நடைமுறை. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலோ காட்டை ஒட்டியோ தீ மூட்டத் தடை உண்டு.

தெற்கே காரில் போகிறவர்களுக்கு ஒன்று. டாலனிலிருந்து வ்ரோடால் பக்கம் போனால் வரும் நிஸ்ஸெர் ஏரி, டெலிமார்க்கிலேயே பெரியது. நீர்மட்டம் 246 மீட்டர். வரைபடத்தில் பண்டாக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே நீர்வழி என்று நினைத்துத் துடுப்புப் படகுப் பயணம் திட்டமிடுபவர்கள் இருக்கிறார்கள். இல்லை. நிஸ்ஸெரும் அதற்கு மேற்கே உள்ள ஃபீரெஸ்வத்னும் அரெண்டால் பக்கம் வடிகின்றன. பண்டாக் ஷியென் பக்கம் வடிகிறது. நடுவே நீர்ப்பிரிமேடு இருக்கிறது, படகை வண்டியில்தான் ஏற்ற வேண்டும்.

துடுப்புப் படகில் கால்வாயையே கடப்பவர்கள் பண்டாக்கில் காலையிலேயே கிளம்ப வேண்டும். பாறைச் சுவர் நேராக இறங்குவதால் அலை எழுந்தால் ஒதுங்கக் கரை கிடைக்காது. அடுத்த திட்டு எங்கே என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு, கரையை ஒட்டியே போங்கள். எட்டு மீட்டருக்குக் குறைவான படகில் போகும்போது மிதவை அங்கி அணிவது 2015 மே 1 முதல் கட்டாயம். பூட்டுகளில் பயணிகள் படகுக்குத்தான் முதல் இடம். பூட்டுக்காரர் சைகை காட்டும் வரை வெளியே காத்திருங்கள், நீர் பாயும் அறையில் கயிற்றை எங்கும் இறுக்கிக் கட்டாமல் கையில் தளர்த்திப் பிடியுங்கள். ஏறும் படகில் கயிறு தளரும், இழுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும் படகில் விட்டுக்கொடுக்க வேண்டும். இறங்கும்போது கட்டி வைத்துவிட்டால் படகு கயிற்றில் தொங்கிக் கவிழும்.

திரும்பும் வழி

பயணத்தில் அதிகம் சொதப்புவது இதுதான். படகு டாலனை மாலையில் அடையும். அதன் பிறகு அன்றே வெளியே போகப் பஸ் கிடைக்கும் என்று எண்ணி வருபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். படகு நேரத்தோடு இணைத்து விற்கும் பஸ் இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்து, இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் டாலனில் ஓர் இரவு தங்குவதே சரி. மறுநாள் காலை எய்ட்ஸ்போர்க், மதியம் பஸ். காரில் வருபவர்கள் காரை டாலனில் விட்டுவிட்டு, காலையில் பஸ்ஸில் கீழே போய், படகில் ஏறித் திரும்பினால் மாலையில் கார் பக்கத்திலேயே இருக்கும். கீழே நிறுத்திவிட்டு வருவதைவிட இது எளிது.

ஞாயிற்றுக்கிழமை டாலன் போய்ச் சேரும்படி திட்டமிட்டால், சாப்பாட்டுப் பொருளைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். நார்வேயில் பெரிய மளிகைக் கடைகள் ஞாயிறு பெரும்பாலும் மூடியிருக்கும், இந்த அளவு ஊரில் மாற்றுக் கடையும் கிடையாது. வார இறுதியில் பஸ்களும் குறையும். வெள்ளி அல்லது வியாழன் படகில் வந்து, மறுநாள் பகலில் கிளம்புவதே இந்த ஊருக்குப் பொருத்தமான அட்டவணை.